உயிர் காக்கும் கைக்குழல்

பழைய இரும்பு, ஈயம், பித்தளை வாங்குபவர் தம் மிதிவண்டியின் முன்புறம் கட்டிக்கொண்டு வருகிறாரே, புனலைப் போன்ற ஒரு கருவி! தேர்தல் காலத்தில் தெருமுனையில் நின்று வாக்குக் கேட்பவர் கையிலும் அதுதான். பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் உடற்பயிற்சி ஆசிரியர் கையிலும் அதுதான். மெகாபோன் என்று ஆங்கிலப் பெயராலேயே அதனை அழைத்துப் பழகிவிட்டோம். கையொலிபெருக்கி என்று எழுதுவோரும் உண்டு. காதைத் துளைக்கும் இரைச்சலுக்குக் காரணமான ஒரு பொருள் என்பதைத் தவிர, அதைப் பற்றி நாம் அதிகமாக எண்ணிப் பார்த்திருக்க மாட்டோம். ஆனால், அரை நூற்றாண்டாக ஒரு நாட்டின் கடற்கரை மக்கள் புயல் இரவுகளில் எதிர்பார்த்துக் காத்திருப்பது இக்கருவியின் ஒலியைத்தான் என்றால் நம்புவீர்களா, அன்பு வாசகர்களே?

அந்த நாடு வங்காள தேசம்.

1970ஆம் ஆண்டு நவம்பர் 12. அப்போது அது கிழக்குப் பாகிஸ்தான். ரமளான் மாதத்தின் நடுப்பகுதி. முழுநிலவை நெருங்கிக்கொண்டிருந்த இரவு. கடலில் ஓதம் ஏறியிருந்த அதே வேளையில் பெரும் புயல் கரையைக் கடந்தது. போலாத் தீவையும் அதனைச் சூழ்ந்த தாழ்ந்த மணல்திட்டுகளையும் கடல் வாரிச் சுருட்டிக்கொண்டு போயிற்று. மாண்டவர்கள் மூன்று இலட்சம் முதல் ஐந்து இலட்சம் வரை இருக்கலாம் எனக் கணக்கிடுகின்றனர். மனித குலம் அறிந்த புயல்களில் இதைவிட அதிக உயிர்களைக் குடித்தது வேறில்லை.

இதில் நாம் நின்று நிதானித்துச் சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. புயல் வருகிறது என்பது அம்மக்களுக்குத் தெரியாமல் இல்லை! வானொலியில் எச்சரிக்கை வந்தது. கடலோர மக்களில் பெரும்பான்மையோர் அதனை நேரடியாகவோ, பிறர் சொல்லியோ கேள்விப்பட்டேயிருந்தனர். ஆயினும் உறுதியான கட்டடங்களைத் தேடிச் சென்றவர்கள் மிகமிகச் சிலரே. சில வாரங்களுக்கு முன்பும் இப்படித்தான் பெரும் அபாயம் என்று சொன்னார்கள். அப்போது அஞ்சிய அளவுக்கு எதுவும் நேரவில்லை. இப்போதும் அப்படித்தான் இருக்கும் என்று மக்கள் எண்ணிவிட்டனர். எங்கோ தலைநகரிலிருந்து ஒலிக்கும் குரல், "அபாயம்" என்று அறிவித்தது. ஆனால், "எழுந்திரு, பிள்ளையைத் தூக்கிக்கொள், மாட்டை அவிழ்த்துவிடு, என்னோடு வா" என்று வாசலில் வந்து அழைப்பதற்கு ஆள் இல்லை.

அந்த ஆளை உருவாக்குவதற்காகவே 1972ஆம் ஆண்டில் ஒரு திட்டம் தொடங்கப்பெற்றது. புயல் ஆயத்தத் திட்டம் என்று அதற்குப் பெயர். பன்னாட்டுச் செஞ்சிலுவைச் சங்கங்களின் கூட்டமைப்பு தொடங்கிவைத்த இப்பணி, 1973 முதல் வங்காள தேச அரசும் செம்பிறைச் சங்கமும் கைகோத்து நடத்தும் பணியாயிற்று. கடலோரக் கிராமங்களைச் சிறு சிறு அலகுகளாகப் பிரித்தார்கள். ஒவ்வோர் அலகிலும் உள்ளூர் மக்களையே தொண்டர்களாகச் சேர்த்தார்கள். சம்பளம் கிடையாது. மழையங்கி, முட்டளவுக் காலணி, கைவிளக்கு, ஒரு டிரான்சிஸ்டர் வானொலி, கையால் சுழற்றும் சங்கு, இவற்றோடு ஒரு மெகாபோன். இவைதாம் அவர்களுடைய படைக்கலங்கள்!

வானொலியில் எச்சரிக்கை எண் வந்ததும் அவர்கள் வேலை தொடங்கும். நான்காம் எண் எச்சரிக்கை என்றால் கம்பத்தில் ஒரு கொடி ஏறும். ஐந்து முதல் ஏழு வரை என்றால் இரண்டு கொடிகள். எட்டு, ஒன்பது, பத்து என்றால் மூன்று கொடிகள். அதற்குப் பிறகு காத்திருப்பதற்கு நேரமில்லை. தொண்டர்கள் நடந்தும் மிதிவண்டியிலும் படகிலும் புறப்பட்டு, வீடு வீடாகச் சென்று கூவுவார்கள். பள்ளிவாசல்களின் ஒலிபெருக்கிகளும் அவர்களோடு சேர்ந்துகொள்ளும். ஒலிபெருக்கி வழியே ஊருக்குச் செய்தி அறிவிப்பதற்கு வங்காள மொழியில் "மைக்கிங்" என்றே ஒரு சொல் வழக்கில் உள்ளது.

பள்ளிவாசலில்தான் ஒலிபெருக்கி இருக்கிறதே, பிறகு எதற்கு இந்தக் கைக்கருவி என்று உங்களுக்குத் தோன்றலாம். பெரும் புயல் வரும்போது முதலில் அறுந்து போவது மின்சாரம். மின்சாரம் போனால் பள்ளிவாசல் ஒலிபெருக்கி ஊமையாகிவிடும். வானொலி நிலையக் கோபுரமும் சாயலாம்; இன்றைய கைப்பேசிக் கோபுரமும் சாயலாம். சில பேட்டரிக் கட்டைகளைப் போட்டுக்கொண்டு தோளில் தொங்கும் இந்தக் கருவிக்குக் கம்பியும் வேண்டாம், கோபுரமும் வேண்டாம். இது ஒரு காரணம். இதைவிடப் பெரிய காரணம், பேசுபவரின் குரல் அடையாளம் தெரிந்த குரல் என்பது. "இவர் நம் பக்கத்துத் தெரு ஆசிரியர் அல்லவா! இவரே வந்து சொல்கிறார் என்றால்…" என்ற எண்ணம் எழுந்துவிட்டால், கால்கள் தாமாகவே நடக்கத் தொடங்கும்.

இத்திட்டம் முதல் நாளிலேயே வெற்றி கண்டுவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். 1991 ஏப்ரல் 29 இரவு சிட்டகாங் கடற்கரையை மணிக்கு ஏறத்தாழ 240 கிலோமீட்டர் வேகக் காற்றும், இருபது அடி உயர அலையும் தாக்கின. தொண்டர்கள் கூவினார்கள், கொடிகளும் ஏறின. ஆனாலும் சுமார் 1,38,000 பேர் மாண்டனர். ஓடி ஒளிவதற்குப் புகலிடங்கள் போதவில்லை. மாண்டவர்களில் பெண்களே மிகப் பெருந்தொகையினர்.

ஏன் பெண்கள்? சகோதரிகளே, இதனைச் சற்று பொறுமையோடு படியுங்கள். வீட்டு ஆண்மகன் வெளியூரிலோ கடைத்தெருவிலோ இருக்க, அவனுடைய அனுமதியின்றி வாசற்படி தாண்டத் தயங்கியவர்கள் பலர். அந்நிய ஆடவர் நிறைந்த புகலிடத்தில் எப்படி இரவைக் கழிப்பது என்று கூசியவர்கள் பலர். கையில் ஒரு குழந்தை, இடுப்பில் ஒரு குழந்தை, காலைச் சுற்றும் சேலை, நீந்தவும் தெரியாது. வெளியே நின்று கூவிய குரலோ ஆண் குரல். அக்குரல் பொதுவாகத் தெருவை நோக்கிப் பேசியதே அன்றி, அடுக்களையை நோக்கிப் பேசவில்லை.

இந்தக் குறையை அவர்கள் உணர்ந்து திருத்திக்கொண்டார்கள் என்பதுதான் பாராட்டுக்குரிய செய்தி. பெண்களைத் தொண்டர்களாகச் சேர்க்கத் தொடங்கினார்கள். இன்று சுமார் 76,000 தொண்டர்கள். அவர்களில் சரிபாதி பெண்கள்! முக்காடிட்ட தலையோடு, மழையங்கி அணிந்து, கையில் மெகாபோனுடன் ஒரு பெண் வாசலில் வந்து நின்று, "அக்கா, புறப்படு. புகலிடத்தில் பெண்களுக்குத் தனி அறை இருக்கிறது. நானும் அங்கேதான் இருப்பேன்" என்று சொன்னால் எந்தத் தாய் தயங்குவாள்? புகலிடங்களும் ஆயிரக்கணக்கில் எழுந்தன. 2007 நவம்பரில் வந்த சித்ர் புயல் 1991ஆம் ஆண்டுப் புயலுக்கு இளைத்ததன்று. மாண்டவர்கள் ஏறத்தாழ 3,400 பேர். 2020 மே மாதம் கொரோனாப் பெருந்தொற்றின் நடுவே அம்பன் புயல் வந்தபோது, அந்நாட்டில் சுமார் 24 இலட்சம் மக்கள் புகலிடங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். உயிரிழப்பு சில பத்துகளோடு நின்றது. செயற்கைக்கோளும் கணிப்பொறியும் இதில் பெரும்பங்கு ஆற்றியிருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால், செயற்கைக்கோள் கண்டதைக் குடிசை வாசலில் கொண்டுவந்து சேர்த்தது அந்தக் கைக்குழல்தான்.

கப்பலிலிருந்து கைக்கு

இக்கருவியின் வரலாற்றையும் சிறிது பார்ப்போம். வாயருகே இரு கைகளையும் குவித்துக் கூவுவது ஆதி மனிதன் கண்ட உத்தி. அந்தக் குவிந்த கைகளை உலோகத்தில் செய்தால் அதுவே பேசுகுழல். 1670ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் சாமுவேல் மோர்லாண்டு என்பவர் முதலில் கண்ணாடியாலும் பிறகு செம்பு முதலிய உலோகங்களாலும் பல அளவுகளில் பேசுகுழல்களைச் செய்து சோதித்தார். அவற்றுள் ஒன்று இருபது அடிக்கும் மேற்பட்ட நீளமுடையது! அதை யார் தூக்கிப் பிடித்துப் பேசினார்களோ! ஆனால், அளவில் சிறிய குழல்கள் கப்பல் தலைவர்களின் இணைபிரியாத் தோழனாயின. புயற்காற்றில் பாய்மர உச்சியில் இருக்கும் மாலுமிக்குக் கட்டளை போய்ச் சேர வேண்டுமே!

1912 ஏப்ரலில் டைட்டானிக் கப்பல் மூழ்கியபோதும், பாதி காலியாகவே விலகிச் சென்ற உயிர்காப்புப் படகைத் திரும்பி வருமாறு கப்பல் தலைவர் மெகாபோன் வழியே கூவி அழைத்தார். படகில் இருந்தவர்களுக்கு அது கேட்டது. ஆனால், அவர்கள் திரும்பவில்லை. அமெரிக்கத் தீயணைப்புப் படைகளின் தலைவர்களும் பேசுகுழல் வைத்திருந்தனர். இன்றும் அவர்களுடைய சட்டைக் கழுத்தில் பொறிக்கப்படும் பதவிச் சின்னம் அந்தக் குழல்தான்.

மின்சாரம் வந்து, ஒலிவாங்கி வந்து, 1930களிலேயே பள்ளிவாசல் பாங்கொலியும் ஒலிபெருக்கியில் கேட்கத் தொடங்கிவிட்டது. ஆயினும் கையில் எடுத்துச் செல்லத்தக்க மின் மெகாபோன் பரவியது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே. ஜப்பானின் கோபே நகரைச் சேர்ந்த டோவா நிறுவனம் 1954இல் வெளியிட்டது அவ்வகையில் முன்னோடியானது. நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் அடிக்கடி வரும் நாட்டில் இக்கருவி வளர்ந்ததில் வியப்பில்லை.

அந்த ஜப்பானிலேயே அண்மையில் நடந்ததைக் கேளுங்கள். 2024 ஜனவரி 2ஆம் நாள் மாலை. சப்போரோவிலிருந்து டோக்கியோவின் ஹனேதா விமான நிலையத்தில் வந்து இறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம், ஓடுபாதையில் நின்றிருந்த கடலோரக் காவற்படை விமானத்தின் மீது மோதித் தீப்பற்றியது. முந்தின நாள் நிகழ்ந்த நோட்டோ நிலநடுக்கத்துக்கு நிவாரணப் பொருள் கொண்டுசெல்லவிருந்த அச்சிறு விமானத்தில் ஆறு பேரில் ஐவர் மாண்டனர். பெரிய விமானத்தில் பயணிகளும் பணியாளர்களுமாக 379 பேர். உள்ளே புகை, வெளியே தீ. விமானத்தின் அறிவிப்புக் கருவி செயலிழந்துவிட்டது. பின்புறப் பணிப்பெண்களால் விமானி அறையோடு பேசவும் இயலவில்லை. அப்போது அவர்கள் எடுத்தது எதனை? மெகாபோனைத்தான்! அதன் வழியாகவும் வெறும் தொண்டையாலும் பயணிகளுக்கு வழிகாட்டினார்கள். எட்டு வாயில்களில் மூன்றே பயன்பட்டன. பதினெட்டு நிமிடங்களில் 379 பேரும் வெளியேறினர். ஒருவர் உயிரும் போகவில்லை.

வளைகுடா நாடுகளுக்குப் போய்வரும் நம் சகோதரர்கள் எத்தனையோ முறை அக்கருவிக்கு அருகிலேயே அமர்ந்து பயணம் செய்திருப்பார்கள், கவனித்திருக்க மாட்டார்கள். நூறோ அதற்கு மேலோ இருக்கைகள் உள்ள பயணிகள் விமானத்தில் முன்புறம் ஒன்று, பின்புறம் ஒன்று என இரண்டு பேட்டரி மெகாபோன்கள் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விமானப் போக்குவரத்து விதி. கோடிக்கணக்கில் விலை பெறும் விமானத்தில் இத்தகைய எளிய கருவியை ஏன் வைக்கிறார்கள் என்பதற்கு ஹனேதா விடை சொல்லிவிட்டது.

நம் கரையில்

இவையெல்லாம் தொலைதூரச் செய்திகள் என்று கருத வேண்டாம். 2004 டிசம்பர் 26 காலையில் புதுச்சேரிக்கு அருகில் உள்ள நல்லவாடு என்னும் மீனவர் சிற்றூரில் நடந்ததை அறிந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? அவ்வூரைச் சேர்ந்த ஓர் இளைஞர் சிங்கப்பூரில் வேலை பார்த்து வந்தார். சுமத்திராக் கடலில் நேர்ந்த நிலநடுக்கத்தையும் அலையையும் பற்றிய செய்தியைக் கேட்டதும், அவர் ஊருக்குத் தொலைபேசியில் பேசினார். கடலும் வழக்கத்துக்கு மாறாக இருப்பதாக ஊரிலிருந்து பதில் வந்தது. உடனே எல்லாரையும் கரையை விட்டு அகலச் சொன்னார்.

ஒருவர் கேட்ட செய்தியை ஊர் முழுவதற்கும் எப்படிச் சொல்வது? எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஓர் அறிவு மையம் அமைத்திருந்தது. கடலின் நிலையையும் அலையின் உயரத்தையும் மீனவர்களுக்கு அறிவிப்பதற்கென்று அங்கே ஒலிபெருக்கி இருந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. மையத்தின் கதவு பூட்டிக் கிடந்தது. ஊரார் பூட்டை உடைத்தார்கள்! ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வீடுகள் சுமார் 150 இடிந்தன. படகுகள் ஏறத்தாழ 200 நாசமாயின. ஆனால், ஏறத்தாழ 3,600 பேர் வாழ்ந்த அவ்வூரில் ஓர் உயிரும் போகவில்லை.

எனக்கு இந்நிகழ்ச்சியில் மிகவும் பிடித்தது, பூட்டை உடைத்ததுதான். "சாவி யாரிடம் இருக்கிறது, தலைவர் வரட்டும்" என்று அவர்கள் காத்திருக்கவில்லை. நம்முடைய ஊர்களில் ஜமாஅத்தின் ஒலிபெருக்கி அறைச் சாவி எங்கே இருக்கிறது, மோதினார் ஊரில் இல்லாத நாளில் அது யாரிடம் இருக்கும் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். விடை தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்பது புரிந்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திருமணத்துக்குச் சென்றிருந்தேன். ஊரையும் மண்டபத்தையும் சொல்ல விரும்பவில்லை. நிக்காஹ் முடிந்து விருந்து நடந்துகொண்டிருக்கையில் மின்சாரம் போயிற்று. ஜெனரேட்டர் அறையிலிருந்து கரும்புகை எழுந்தது. கீழ்த்தளத்தில் இருந்த ஆண்கள் கண்ணால் பார்த்துவிட்டார்கள், நிமிடத்தில் வெளியேறினார்கள். மாடியில் பெண்களும் குழந்தைகளும். அவர்களுக்குச் செய்தி போய்ச் சேர்வதற்கு மேடை மைக்கு வேலை செய்யவில்லை. கீழேயிருந்து நாலைந்து பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். "ஓடாதீங்க! அந்தப் பக்கம் வராதீங்க!" என்று ஒருவர் அடிவயிற்றிலிருந்து கூவினார். மாடியில் கேட்டது "ஓடு", "அந்தப் பக்கம் வா" என்பது மட்டுமே! எல்லாரும் புகை வந்த படிக்கட்டை நோக்கியே ஓடிவந்தனர். அல்லாஹ்வின் அருளால் புகை அதற்குள் அடங்கியது. ஒரு மூதாட்டிக்குக் கால் பிசகியதோடு போயிற்று. என் மனைவியும் அந்த மாடியில்தான் இருந்தாள். அன்றிரவு நான் உறங்கவில்லை.

எப்படிப் பேச வேண்டும்?

அன்று நடந்த பிழையைப் பிறகு நெடுநாள் எண்ணிப் பார்த்தேன். பிழை, கூவியவர் மீதன்று. நம் மொழியின் அமைப்பை நாம் கருதாததில் இருக்கிறது. தமிழில் எதிர்மறை சொல்லின் கடைசியில்தான் வருகிறது. "ஓடாதீர்கள்" என்பதில் "ஓடு" முதலில் வந்துவிடுகிறது. "ஆதீர்கள்" பின்னால் இரைச்சலில் கரைந்துவிடுகிறது. தொலைவில் உயிரெழுத்தின் ஒலி போய்ச் சேருமளவுக்கு மெய்யெழுத்தின் ஒலி சேருவதில்லை. ஆனால் பொருளைப் பிரித்துக் காட்டுவதோ மெய்யெழுத்து! ஆகவே, ஆபத்து வேளையில் எதிர்மறையால் கட்டளையிடவே கூடாது. "ஓடாதீர்கள்" என்பதற்குப் பதிலாக "நில்லுங்கள்". "அந்தப் பக்கம் வராதீர்கள்" என்பதற்குப் பதிலாகப் "பின்வாசல்! பின்வாசல்!" எதைச் செய்ய வேண்டுமோ அதை மட்டும் சொல்லுங்கள். நான்கு சொல்லுக்கு மேல் ஒரு வாக்கியம் வேண்டாம். ஒரே வாக்கியத்தை மூன்று முறை சொல்லுங்கள். ஒருவரே பேசுங்கள்.

மெகாபோன் கையில் இருந்தால் கத்த வேண்டிய தேவையே இல்லை. கத்தினால் குரல் பிளந்து சொல் சிதைந்துவிடும். ஒலிவாங்கியை உதட்டுக்கு இரண்டு மூன்று விரற்கடை தொலைவில் பிடித்து, இயல்பான குரலில், சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டுப் பேசினால் போதும். குழல் ஒலியை ஒரு திசையில் குவித்து அனுப்புவதால், கேட்க வேண்டியவர்களை நோக்கி அதனைத் திருப்புங்கள். சுவரை நோக்கித் திருப்பினால் எதிரொலி வந்து சொல்லோடு சொல் மோதும். இயன்றால் காற்று உங்களிடமிருந்து அவர்களை நோக்கி வீசும் பக்கத்தில் நில்லுங்கள். எதிர்க்காற்றில் ஒலி மேல்நோக்கி வளைந்து அவர்களின் தலைக்கு மேலே போய்விடும். கருவி திடீரென்று வீறிட்டால் அஞ்ச வேண்டாம். குழலிலிருந்து வெளிவரும் ஒலி மீண்டும் ஒலிவாங்கிக்குள் புகுவதால் ஏற்படும் தொல்லை அது; ஒலியளவைச் சற்றுக் குறைத்தால் அடங்கும். குழந்தையின் காதருகே மட்டும் ஒருபோதும் அதனை இயக்காதீர்கள், விளையாட்டுக்காகக்கூட வேண்டாம். செவிப்பறை மென்மையானது.

பல மெகாபோன்களில் சங்கொலி எழுப்பும் பொத்தான் உண்டு. இளைஞர்கள் அதை அழுத்துவதில் காட்டும் ஆர்வம் சொல்லி முடியாது! சங்கொலி திரும்பிப் பார்க்க வைக்கும். என்ன செய்வதென்று சொல்லாது. சில நொடி ஒலிக்கவிட்டு நிறுத்துங்கள். பிறகு பேசுங்கள். பிறகு மௌனமாக இருங்கள்.

அந்த மௌனம் மிக முக்கியமானது. நிலநடுக்கத்தில் இடிந்த கட்டடங்களுக்கு அடியில் சிக்கியவர்களைத் தேடும் மீட்புக் குழுவினர், இடிபாட்டை நோக்கிக் குரல் கொடுத்துவிட்டு, சுற்றிலும் உள்ள இயந்திரங்கள், பேச்சு, நடமாட்டம் அனைத்தையும் நிறுத்திச் செவிசாய்ப்பர். உள்ளேயிருந்து வரும் மெல்லிய தட்டலோ முனகலோ அப்போதுதான் கேட்கும். பன்னாட்டு மீட்புக் குழுக்களுக்குள் இதற்கென்றே ஒலிக்குறிகள் உண்டு. மூன்று நொடி நீளும் ஒரே ஒலி, "பணியை நிறுத்து, அமைதி" என்று பொருள்படும். ஒரு நொடி வீதம் மூன்று குறுகிய ஒலிகள், "வெளியேறு" என்று பொருள்படும். நெடிய ஒன்றும் குறுகிய ஒன்றும் சேர்ந்தால், "மீண்டும் தொடங்கு".

கருவியே இல்லாத இடத்தில் என்ன செய்வது? நம் முன்னோர் வழி இருக்கிறது. ஒலிபெருக்கி வராத காலத்தில் பெருநாள் தொழுகைத் திடலில் இமாமின் தக்பீர் கடைசி வரிசைக்கு எப்படிப் போயிற்று? இடையிடையே நின்ற முகப்பிர்கள் அதனை எடுத்துச் சொன்னார்கள். ஒருவர் சொன்னதை ஐம்பதடி தள்ளி நிற்பவர் அப்படியே திருப்பிச் சொல்ல, அவரிடமிருந்து அடுத்தவர் வாங்கிச் சொல்லலாம். இடையில் எவரும் தம் சொந்தச் சொல்லைச் சேர்க்கக் கூடாது, அவ்வளவே.

அன்றாட வாழ்வில் இதன் பயன்கள் உங்களுக்கே தெரியும். கந்தூரிக் கூட்டத்தில் காணாமற்போன குழந்தையைப் பெற்றோரிடம் சேர்ப்பது, மையித் ஊர்வலத்தில் போக்குவரத்தை ஒதுக்குவது, மதரஸாப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துச் செல்கையில் வரிசைப்படுத்துவது, கடற்கரையில் ஆழத்துக்குப் போகும் இளைஞர்களை எச்சரிப்பது. ஹஜ்ஜுக்குச் செல்லும் குழுவினருக்கும் வழிகாட்டியின் கையில் ஒன்று இருந்தால் நல்லது. ஆனால், பத்துக் குழுக்களின் வழிகாட்டிகள் ஓரிடத்தில் ஒரே நேரத்தில் பேசினால் எவர் குரலும் எவருக்கும் கேட்காது. அத்தகைய இடத்தில் உயரத் தூக்கிப் பிடித்த வண்ணக் கொடியே மேல்.

ரமளானில் சஹர் நேரத்தில் தப்ஸ் அடித்துப் பாடி எழுப்பிய பக்கீர்களின் இடத்தைச் சில ஊர்களில் இப்போது இக்கருவி பிடித்துக்கொண்டது. இதில் எனக்கு உடன்பாடில்லை. நோயாளியும் கைக்குழந்தையும் பிற சமயத்து அண்டை வீட்டாரும் உறங்கும் தெருவில் நள்ளிரவில் ஒலிபெருக்கி எதற்கு? 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படியும் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. பொதுமக்களுக்கு நேரும் அவசர ஆபத்துக்கு விலக்கு உண்டு. அந்த விலக்கின் பொருளை எண்ணிப் பாருங்கள். நாள்தோறும் நள்ளிரவில் அலறும் ஊரில், உண்மையான ஆபத்து நாளில் அலறினாலும் மக்கள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வார்கள்.

உங்கள் ஜமாஅத்தோ, பள்ளிக்கூடமோ, திருமண மண்டபமோ ஒரு மெகாபோன் வாங்கி வைக்க முன்வந்தால், இரண்டாகவே வாங்கச் சொல்லுங்கள். ஒன்று பெண்கள் பகுதிக்கு. அதை இயக்க இரண்டு பெண்களுக்கேனும் பழக்கிக் கொடுங்கள். பூட்டிய அலமாரியில் வைக்காமல் கண்ணில் படும்படி சுவரில் மாட்டுங்கள். பேட்டரிக் கட்டைகளை உள்ளேயே விட்டுவைத்தால் நாளடைவில் கசிந்து கருவியை அரித்துவிடும். அவற்றைத் தனியே ஒரு பையில் போட்டு அதன் கைப்பிடியிலேயே கட்டி வையுங்கள். வாங்கிய தேதியைப் பையின் மேல் எழுதி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கட்டைகளைப் பொருத்திப் பேசிப் பாருங்கள். அப்படிச் சோதிக்கும் நாளில் ஒருவரை மாடியின் கடைசி மூலையில் நிறுத்தி, என்ன கேட்டது என்று அவரிடம் கேளுங்கள்.